திரும்பி வந்தவரின் கதை யாருக்கு வேண்டாம்?

யுத்தக் கதையை விரும்பாத சமூகம் எதுவும் இல்லை. யுத்தம் முடிந்து வீட்டு வாசலில் வந்து நிற்பவரின் கதையை விரும்பும் சமூகமும் அநேகமாக எதுவும் இல்லை. இதை நாம் வெறும் வாயால் சொல்லவில்லை. ஒரு குறுநாவல் பட்ட பாட்டை வைத்துச் சொல்கிறோம்.

அமெரிக்க எழுத்தாளர் ஜோ ஹால்டமன் 1970களின் தொடக்கத்தில் எழுதிய அந்தக் குறுநாவலின் தலைப்பு, ‘ஒருபோதும் திரும்பிப் போக முடியாது’ என்று பொருள்படும். விண்மீன்களுக்கிடையே நடக்கும் யுத்தமொன்றில் சண்டையிட்டுவிட்டுப் பூமிக்குத் திரும்பும் இரண்டு சிப்பாய்களின் கதை அது. பிற்பாடு ‘த ஃபோரெவர் வோர்’, அதாவது ‘முடிவற்ற யுத்தம்’ என்ற பெயரில் புகழ்பெற்ற நாவலின் நடுப்பகுதியாகவே அதை அவர் எழுதினார். நாவலின் பகுதிகள் ‘அனலொக்’ என்ற விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகையில் 1972 முதல் வெளிவந்துகொண்டிருந்தன. சஞ்சிகையின் ஆசிரியர் பென் போவா மற்றப் பகுதிகளை ஏற்றுக்கொண்டார். இதை மட்டும் ஏற்கவில்லை. எமது வாசகர்களுக்கு இது மிகவும் சோகமானது என்பது அவர் சொன்ன காரணம்.

ஹால்டமன் அதை லாச்சிக்குள் போட்டுவிட்டு, சூடு குறைந்த வேறொரு பகுதியை எழுதிக் கொடுத்தார். 18 பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய பின் 1974இல் நாவல் நூலானபோதும் அந்தச் சூடு குறைந்த பகுதியே உள்ளே போயிற்று. அந்த நூல்தான் நெபியுலா, ஹியூகோ ஆகிய இரு பெரும் பரிசுகளையும் பெற்றது. லாச்சியில் கிடந்த மூலம் 1975 நவம்பரில் ‘அமேசிங்’ என்ற வேறொரு சஞ்சிகையில் தனியாக வந்தது. நாவலுக்குள் தனக்குரிய இடத்துக்கு அது வந்து சேர்ந்தது 1990களின் பதிப்புகளில்தான். கதையில் வரும் சிப்பாய் வீடு திரும்ப எடுத்த காலத்தைப் போலவே கதையும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளியே நின்றது.

ஓர் ஆசிரியரின் ரசனை, அவ்வளவுதானே, இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. போவா எதை ஏற்றார், எதை மறுத்தார் என்று பாருங்கள்.

1972 யூன் மாதத்தில் அவர் பிரசுரித்த முதற்பகுதியில், பயிற்சியின்போதே சிப்பாய்கள் செத்து விழுகிறார்கள். பிறகு, தோரன்கள் என்ற வேற்றுக்கிரக உயிர்களின் தளமொன்றைத் தாக்குகிறார்கள். இராணுவம் முன்னரே சிப்பாய்களின் மனதில் ஏற்றிவைத்திருந்த வசியக் கட்டளை ஒரு சொல்லில் விழித்துக்கொள்கிறது. தம்மை எதிர்த்துப் போரிடத் தெரியாத அந்த உயிர்களை அவர்கள் வெறிகொண்டு வெட்டிச் சாய்க்கிறார்கள். கட்டளை தெளிந்ததும் செய்ததை நினைத்துக் கூசிப்போகிறார்கள். இது ஒரு படுகொலைக் காட்சி. இது வாசகருக்குச் சோகமாக இருக்கும் என்று யாரும் அஞ்சவில்லை. ஆனால் அதே சிப்பாய் வீட்டுக்கு வந்து, தன் தாய் மருந்து மறுக்கப்பட்டுச் சாவதைப் பார்ப்பது மட்டும் தாங்கமுடியாத சோகமாகிவிட்டது!

ஆகவே பிரச்சினை சோகத்தின் அளவு அல்ல. எந்த இடத்தில் நடக்கும் சோகம் என்பதுதான் பிரச்சினை. தூரத்தில் நடப்பது சாகசம். வீட்டில் நடப்பது குற்றச்சாட்டு. வாசகரின் வீட்டுக்கு வந்து நிற்கும் சிப்பாய் வாசகரிடமே கேள்வி கேட்கிறான். அதைத்தான் சஞ்சிகை விரும்பவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நாயகன் வில்லியம் மண்டெல்லா. (தென்னாபிரிக்கத் தலைவருக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. ஹால்டமன் தன் பெயரின் எழுத்துகளையே கலைத்துப்போட்டு உண்டாக்கிய பெயர் போலத்தான் அது இருக்கிறது.) மேரிகே என்ற சக சிப்பாய் அவனது தோழி. யுத்தகளம் ஒளியாண்டுக் கணக்கில் தொலைவு. கப்பல்கள் ஒளியின் வேகத்தை அண்மித்துச் செல்கின்றன. அவ்வாறு செல்பவருக்குக் காலம் மெதுவாக ஓடும் என்பது 1905இல் ஐன்ஸ்டைன் கண்ட உண்மை. இது கதாசிரியரின் மாயாஜாலம் அல்ல. 1971இல் அணுக்கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்து, நுண்ணிய அளவில் அதை அளந்தும் காட்டினார்கள். ஒளிவேகத்தில் 99 வீதம் போகும் கப்பலில் ஓராண்டு கழிகையில் பூமியில் ஏழு ஆண்டுகள் கழிந்திருக்கும். மண்டெல்லாவுக்குச் சுமார் இரண்டு வயது கூடுகிறது. 1990களின் இறுதியில் புறப்பட்டவன் 2024இல் வந்து இறங்குகிறான்.

என்ன கண்டான்? தகப்பன் இல்லை. தாய் கிழவியாகிவிட்டாள். உணவுக் கலோரியே நாணயமாகிவிட்டது. வேலை என்பது கள்ளத்தனமாக வாங்கவேண்டிய பொருள். வெளியே போவதென்றால் மெய்க்காவலரை அமர்த்திக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சியில் அவனையும் மேரிகேயையும் பேட்டி காண்கிறார்கள். ஒளிபரப்பில் அவர்கள் சொன்னவையும் சொல்லாதவையும் இராணுவத்துக்கு ஏற்றபடி கலந்து வருகின்றன. மேரிகேயின் பெற்றோர் கமத்தில் வாழ்கிறார்கள். கொள்ளைக்காரர் வந்து அவர்களைக் கொன்றுவிடுகிறார்கள். எழுபது வயது கடந்தவர்களுக்கு அரசு வைத்திய முன்னுரிமைப் புள்ளி பூச்சியம். அந்தப் பூச்சியத்தினால் மண்டெல்லாவின் தாய் இறந்துபோகிறாள். கொன்றது எதிரி அல்ல. கொன்றது பட்டியல்.

பிறகு இருவரும் மீண்டும் இராணுவத்தில் சேர்கிறார்கள். சந்திரனில் பயிற்சியாளர் வேலை என்று வாக்குறுதி. சேர்ந்த கையோடு கட்டளை மாறுகிறது. மறுபடியும் போர்முனை.

இந்த இடத்தில்தான் கதையின் முழுப் பாரமும் இருக்கிறது. சிப்பாய் ஏன் மீண்டும் சேர்ந்தான்? இராணுவங்களும் இராணுவக் கதைகளும் தரும் பதில் எமக்குத் தெரியும்: இரத்தத்தில் ஊறிவிட்டது, தோழமை இழுத்தது, சாதாரண வாழ்வு அவனுக்குச் சலித்துவிட்டது. ஹால்டமன் தரும் பதில் வேறு. வீடு என்று ஒன்று மிஞ்சவில்லை. மிஞ்சாதபடி பார்த்துக்கொண்டது யுத்தமே. நாட்டின் செல்வமும் மூளையும் யுத்தத்துக்குப் போயின. எஞ்சிய பஞ்சத்தில் வீடு வாழமுடியாத இடமாயிற்று. வாழமுடியாத இடத்திலிருந்து ஓடி வருபவனை இராணுவம் கதவைத் திறந்து வரவேற்றது. ஒரு முறை கட்டாயத்தினால் பிடித்தவனை இரண்டாம் முறை பிடிக்கவேண்டிய தேவையே இல்லை. அவனாகவே வருவான். யுத்தம் முடிவற்றுப் போவதற்கு எதிரி மட்டும் போதாது. திரும்பிப்போக வீடில்லாத சிப்பாய்களும் வேண்டும்.

சூடு குறைந்த வடிவத்திலும் அவன் மீண்டும் சேரத்தானே செய்கிறான், என்ன வித்தியாசம் என்பார் சிலர். வித்தியாசம் இதுதான். தாயின் சாவையும் கமத்தின் சாவையும் முழுப் பாரத்தோடு பார்க்காத வாசகனுக்கு, மறுபடி சேர்வது சிப்பாயின் சுபாவமாகத் தெரியும். பார்த்த வாசகனுக்கு அது அரசின் செயலாகத் தெரியும். நடுப்பகுதியை மெல்லியதாக்கியபோது குற்றவாளியின் இடம் மாறிவிட்டது. இதை ரசனை என்று சொல்லி விட்டுவிட முடியாது. இது அரசியல்.

இதெல்லாம் கற்பனை யுத்தம் பற்றிய பேச்சுத்தானே என்பவருக்கு ஹால்டமனின் வாழ்க்கையை நினைவூட்டுகிறோம். பௌதிகமும் வானியலும் படித்து 1967இல் பட்டம் பெற்றவர். உடனேயே கட்டாய ஆள்சேர்ப்பில் எடுக்கப்பட்டார். வியட்நாமில் போர்க்களப் பொறியியல் பிரிவில் இருந்து கடுமையாகக் காயப்பட்டுத் திரும்பினார். அங்கே அமெரிக்க இராணுவச் சிப்பாயின் தவணை பொதுவாக 12 மாதம். தன் தவணை முடிந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஊர் திரும்பினர். படையணியாகத் திரும்பவில்லை. நேற்றுக் காட்டில் நின்றவர், ஓரிரு நாளில் பயணிகள் விமானமொன்றில் வந்து தன் தெருவில் இறங்கினார். முந்தைய யுத்தங்களின் சிப்பாய்கள் கப்பலில் வாரக்கணக்காக ஒன்றாகப் பயணம் செய்தபோது பேசித் தீர்த்துக்கொண்டதில் ஒரு பங்கையேனும் பேச இவருக்கு ஆளில்லை. ஒரு நாளைக்குள் ஓர் உலகிலிருந்து இன்னோர் உலகம். ஐன்ஸ்டைனின் கணக்கை ஹால்டமன் கதைக்குள் கொண்டுவந்தது இந்த அனுபவத்தைச் சொல்வதற்கே.

வேறு சில கணக்குகளும் இருக்கின்றன. வியட்நாம் காலத்தில் பல்கலைக்கழக மாணவருக்கு ஆள்சேர்ப்பிலிருந்து தவணை கிடைத்தது. கிடைக்காத ஏழைகள் போனார்கள். 1966இல் பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா, தேர்வில் குறைந்த புள்ளி பெற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளும் திட்டமொன்றைத் தொடங்கினார். ஹால்டமன் இதை அப்படியே தலைகீழாக்கினார். அவரது நாவலில் அறிவுக்கூர்மை மிகுந்தவர்களே கட்டாயமாகப் பிடிக்கப்படுகிறார்கள். அடுத்தவன் பிள்ளை போகையில் பேசாதிருந்த படித்த வீடுகளின் கதவை அவர் கதைக்குள்ளாவது தட்டினார். அடுத்தது யுத்தத்தின் தொடக்கம். 1964 ஓகஸ்ட் 4இல் தொங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. மூன்றாம் நாள் காங்கிரஸ், ஜனாதிபதிக்கு யுத்த அதிகாரம் வழங்கித் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவேயில்லை என்பது 2005இல் பகிரங்கமாக்கப்பட்ட அமெரிக்க ஆவணங்களிலேயே இருக்கிறது. ஹால்டமனின் நாவலிலும் விண்வெளியில் காணாமற்போன கப்பலுக்குத் தோரன்கள்மேல் பழி போடப்படுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீண்ட யுத்தம் பொய்யின்மேல் கட்டப்பட்டது என்று கடைசியில் தெரியவருகிறது. 2005இன் ஆவணங்களைப் பார்க்காமலே அவர் 1974இல் இதை எழுதினார். களத்தில் நின்றவருக்கு ஆவணம் எதற்கு?

யுத்தத்திலிருந்து திரும்பியவரின் மனக்காயத்துக்கு அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் தனிப்பெயர் கொடுத்தது 1980இல். சைகோன் வீழ்ந்தது 1975 ஏப்ரல் 30இல். இந்தக் குறுநாவல் அச்சேறியது அதே ஆண்டு நவம்பரில். வைத்தியம் பெயரிடுவதற்கு ஐந்து ஆண்டு முன்பே ஒரு மலிவுச் சஞ்சிகையின் பக்கங்களில் அந்தக் காயம் பேசிவிட்டது. விஞ்ஞானப் புனைகதை சிறுபிள்ளை விளையாட்டு, யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் வழி என்று எமது இலக்கியக் கூட்டங்களில் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் நண்பர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். யதார்த்தத்திலிருந்து தப்பியோடியது யார்? கதையை எழுதியவரா, அதைச் சோகம் என்று தள்ளியவர்களா?

இவ்வளவு சொல்லிவிட்டு இந்தப் படைப்பைத் தலையில் தூக்கிவைத்து ஆட நாம் தயாரில்லை. அதில் உள்ள கோளாறுகள் சிறியவை அல்ல. அந்த இராணுவத்தில் ஆண்களும் பெண்களும் சமம் என்கிறார் ஹால்டமன். ஆனால் பெண் சிப்பாய்கள் வழக்கப்படியும் சட்டப்படியும் ஆண்களின் படுக்கைக்கு முறைவைத்துப் போகவேண்டியவர்கள். அதை ஒரு பெண்ணின் வாயால் கேட்க நாவலில் இடமே இல்லை. மேரிகே நன்றாகச் சண்டையிடுகிறாள், காதலிக்கிறாள். ஆனால் தன் யுத்தத்தைத் தானே சொல்ல அவளுக்குக் குரல் தரப்படவில்லை. இன்னொன்று தன்பாலுறவு. சனத்தொகையைக் குறைக்க அரசு அதை ஊக்குவிக்கிறது என்றும், பூமி மாறிப்போனதற்கு அது ஓர் அடையாளம் என்றும் கதை போகிறது. தாய் இன்னொரு பெண்ணோடு வாழ்வதை அறிந்து மண்டெல்லா அதிர்ந்துபோகிறான். பெரும்பான்மையாக இருந்தவன் திடீரென்று சிறுபான்மையாவதைக் காட்டும் உத்தி இது என்று சிலர் நியாயம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் மனிதரின் வாழ்வை ஒரு நாகரிகத்தின் நோய்க்குறியாக்கி அந்த உத்தியை வாங்கியிருக்கிறார். தனிமைப்பட்டவனின் கதையைச் சொல்ல வந்தவர், வேறு தனிமைப்பட்டவர்களைப் படிக்கட்டாகப் பாவித்தார் என்பதை நாம் சொல்லாமல் விடமுடியாது. பஞ்சத்துக்குக் காரணம் யுத்தமா, பெருகிவிட்ட சனமா என்பதிலும் அவர் தடுமாறுகிறார். 1970களின் மேற்கு நாட்டு நடுத்தர வர்க்கத்துச் சனத்தொகைப் பயம் அந்தப் பக்கங்களில் அப்படியே ஒட்டிக்கிடக்கிறது.

இந்தக் கோளாறுகளோடும் மூலக் கேள்வி நிற்கிறது: திரும்பி வந்தவரை யார் கேட்பது?

புலம்பெயர்ந்த வாசகர்கள் இந்தக் கதையை வாசித்தால் முதலில் என்ன சொல்வார்கள் என்று எமக்குத் தெரியும். இது எங்கள் கதை என்பார்கள். 1980களில் விமானம் ஏறியவர், இருபது ஆண்டு கழித்து ஊருக்குப் போனால் ஒழுங்கை தெரியாது, ஆட்கள் தெரியாது, பேச்சும் மாறிவிட்டது. எங்கள் கடிகாரம் நின்றுவிட்டது, ஊர்க் கடிகாரம் ஓடிவிட்டது. நாங்கள்தான் மண்டெல்லா என்பார்கள். உருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை அல்ல. மண்டெல்லா சண்டையிட்டவன். எம்மில் பெரும்பான்மையோர் பார்த்தவர்கள். இந்தக் கதையில் எமக்கு ஓர் இடம் இருக்கிறதென்றால் அது கப்பலில் இல்லை. மண்டெல்லாவின் பேட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த சனத்தின் நடுவில் இருக்கிறது. சிப்பாய் என்ன சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்த சனம் அது. அதனால்தான் வெட்டி ஒட்டிய பேட்டி அவர்களுக்கு வெட்டி ஒட்டியதாகத் தெரியவில்லை.

மிகையாகப் பேசுகிறோமா? 2009இல் யுத்தம் முடிந்த பின் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் அரசின் புனர்வாழ்வு முகாம்கள் ஊடாக வெளியே வந்தார்கள். கை, கால், கண் இழந்தவர்கள் அவர்களில் உண்டு. வேலை தேடியவர்கள், கண்காணிப்பின் கீழ் வாழ்ந்தவர்கள், சொந்தக் கிராமத்திலேயே தள்ளிவைக்கப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் களத்தில் நின்ற காலத்தில் அவர்களைப் பற்றி வெளிநாடுகளில் எத்தனை கவிதைகள், எத்தனை மேடைகள்! திரும்பி வந்தபின் எத்தனை? விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்பிரிவுப் பொறுப்பாளராக இருந்த தமிழினி, சிறையையும் புனர்வாழ்வையும் கடந்து வெளியே வந்து, 2015 ஒக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். அவரது ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல் வெளிவந்தது. நூலில் அவர் என்ன சொன்னார் என்ற விவாதத்தைவிட, இதை அவர்தான் எழுதினாரா என்ற விவாதம் பெரிதாக நடந்தது. அந்த நூலின் கருத்துகளோடு உடன்படுவதும் மோதுவதும் வாசகரின் உரிமை. அதற்கு நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் திரும்பி வந்தவர் நாம் எதிர்பார்த்ததைச் சொல்லாவிட்டால், சொன்னவர் அவரே அல்ல என்று முடிவு கட்டுவது கருத்து மோதல் ஆகாது. அது மண்டெல்லாவின் பேட்டிக்கு நேர்ந்ததன் மறுபக்கம். அங்கே சொல்லாததை வாயில் வைத்தார்கள். இங்கே சொன்னதை வாயிலிருந்து பிடுங்கினார்கள்.

இதில் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்ற வேறுபாட்டையும் நாம் காணவில்லை. ஒருவருக்குத் திரும்பி வந்தவர் வீரராக மட்டுமே இருக்க வேண்டும். வீரர் என்றால் ஏன் சாகவில்லை என்ற கேள்வி நாக்கின் நுனியில் நிற்கும். இன்னொருவருக்கு அவர் பாவமன்னிப்புக் கேட்பவராக மட்டுமே இருக்க வேண்டும். கேட்டுமுடிந்ததும் அவரிடம் வேலை இல்லை. இரண்டு பேருக்கும் வேண்டியது தம் வாதத்துக்கு ஒரு சாட்சி. சம்பளத்துக்கு வழி, செயற்கைக் காலுக்குப் பட்டி, இரவில் வராத நித்திரை, கலியாணம் பேசும்போது மறைக்கவேண்டிய ஆண்டுகள் ஆகியவற்றைப் பற்றி ஒருவர் எழுதி அனுப்பினால் அதை யார் பிரசுரிப்பார்கள்? எமது வாசகர்களுக்கு இது மிகவும் சோகமானது என்ற கடிதத்தைத் தமிழில் எழுத எத்தனை ஆசிரியர்கள் தயாராக இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

மண்டெல்லா வந்து இறங்கிய 2024ஆம் ஆண்டு இப்போது எமக்குப் பின்னால் இருக்கிறது. கலோரி நாணயமாகவில்லை. விண்கப்பல் எதுவும் சிப்பாய்களை ஏற்றி இறக்கவில்லை. ஹால்டமனின் சோதிடம் பலிக்கவில்லை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவர் சோதிடம் சொல்ல வரவில்லை. திரும்பி வருபவருக்கு வீட்டில் இடமில்லாவிட்டால் யுத்தத்துக்கு ஆள் குறையாது என்பதைச் சொல்ல வந்தார். அது 1975இலும் உண்மை. இன்றும் உண்மை.

எனவே எமது சஞ்சிகைகளின் ஆசிரியர்களிடமும் கூட்டங்கள் நடத்துபவர்களிடமும் கேட்பது பெரிய காரியம் அல்ல. களத்தைப் பற்றிய அடுத்த சிறப்பிதழுக்கு முன், களத்திலிருந்து வந்தவர்களின் அடுப்பைப் பற்றியும் வேலையைப் பற்றியும் நித்திரையைப் பற்றியும் ஓர் இதழ் போடுங்கள். அவர்கள் எழுதுவதை உங்கள் கட்சிக்கு ஏற்றபடி வெட்டாதீர்கள். பெண்கள் எழுதினால் அவர்களின் சொல்லை ஆண்கள் திருத்த வேண்டாம். சோகம் அதிகம் என்று தோன்றினால், அந்தச் சோகம் எங்கே நடக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். உங்கள் வாசலில் நடக்கிறதென்றால், அதை லாச்சிக்குள் போடுவதற்கு முன் கதவைத் திறவுங்கள்.